அக்கா மகள் காருக்கு ஒரு சைலன்சர்

ஜூன் 8, ஞாயிறு

அக்கா வீட்டில் கறிசோறு. தேன்மொழியின் கார் சைலன்சர் வத்தல்மலை ஏறும்போது மூன்றாவது தடவையாகக் கல்லில் இடித்து நசுங்கிவிட்டதாம். மலைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர், தினமும் ஏறி இறங்க வேண்டும். சின்ன கார், அடிவயிறு தரையோடு தரை. "புதுசு போட்டாலும் மறுபடி இடிக்கும் மாமா" என்றாள்.

நான் விடுவேனா? "கடையில விக்கிறது எதுக்கு? இந்தக் காருக்குன்னே, இந்த மலைக்குன்னே ஒண்ணு நான் செஞ்சு தரன். ஓசூர்ல பதினோரு வருசம் சைலன்சர் பிரிவே என் கையிலதான இருந்துச்சு."

மாப்பிள்ளை அருள்குமார் வாயைப் பிளந்துவிட்டார். அக்கா நஞ்சம்மாள் பக்கத்து வீட்டைக் கூப்பிட்டே சொன்னாள்: "கல்யாணத்துக்கு மோதிரத்தோட நிறுத்திட்டான் என் தம்பி. இப்பத்தான் தாய்மாமன் சீரு வருது!"

இனி செய்தாக வேண்டும். பட்டறையில் இதுவரை செய்தது கேட்டும் கிரில்லும்தான். அதனாலென்ன, இரும்பு இரும்புதானே?

ஜூன் 11, புதன்

காரைக் கல்மேல் ஏற்றி, அடியில் படுத்துத் திட்டம் போட்டேன். நோட்டில் நாலு பக்கம் படம். புகையைச் சுத்தம் பண்ணும் பெட்டியைத் தொடுவதில்லை. அதற்குப் பின்னால் ஒன்றரை இஞ்ச் ஸ்டெயின்லெஸ் பைப், பெட்ரோல் டேங்கை விட்டு நாலு விரல் தள்ளி. சைலன்சர் பெட்டி தட்டையாக, டிக்கிக்கு அடியில் ஒட்டினாற்போல. வால் பைப்பை ஒரு அடி குறைத்து பம்பருக்கு உள்ளேயே முடித்துவிட்டால் எந்தக் கல்லும் தொடாது. இதை எந்த இஞ்சினியரும் யோசித்திருக்க மாட்டான்.

பைபாஸில் சைலன்சர் கடை வைத்திருக்கும் ரஞ்சித்குமாரிடம் பைப் வாங்கப் போனேன். படத்தை எட்டிப் பார்த்தான். "அண்ணே, வாய் பம்பரத் தாண்டி வெளிய வரணும். இல்லன்னா புகை வண்டிக்குள்ள ஏறும்."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே இதப் பண்ணவன் நான்" என்றேன்.

சிரித்தான். நல்லம்பள்ளி வந்து சேரும்வரை அந்தச் சிரிப்பு கூடவே வந்தது.

ஜூன் 15, ஞாயிறு

பைப்புக்குள் காய்ந்த மணலை இடித்து நிரப்பி, இரண்டு வாயையும் அடைத்து, பழுக்கக் காய்ச்சி வளைத்தேன். முதல் பைப் மடிந்தது. இரண்டாவதும். மூன்றாவது வந்தது.

கேட்டவர்களிடம் முதல் பைப்பிலேயே வந்ததாகச் சொன்னேன்.

ஜூன் 22, ஞாயிறு

மாட்டியாயிற்று! தொங்கவிடுவதற்கு டிக்கித் தரையில் நாலு ஓட்டை போட்டேன், இரண்டுதான் தேவைப்பட்டது. அளவு தப்பவில்லை, பின்னால் உதவும் என்று கூடுதலாகப் போட்டது. மேலே விரிப்பை விரித்துவிட்டேன்.

பூனை மாதிரி போகிறது வண்டி. அக்கா பூசணிக்காய் சுற்றி உடைத்தாள். பார்க்க நூறு பேர் கூடினார்கள். சரி, பதினைந்து பேர்.

ஜூன் 26, வியாழன்

தேன்மொழி முழுகாமல் இருக்கிறாள்! இரண்டு மாதம். அக்கா போனில் அழுகிறாள், சிரிக்கிறாள். நாலு வருடம் காத்திருந்தது.

சைலன்சர் மாட்டிய ராசி என்று பட்டறையில் எல்லோரிடமும் சொன்னேன்.

ஜூலை 3, வியாழன்

தேன்மொழிக்குத் தலைவலி, வாந்தி. நேற்று மலை ஏறிப் போய்க் காரை விட்டு இறங்கியதும் பள்ளிக்கூட வாசலிலேயே மயங்கி உட்கார்ந்துவிட்டாளாம். அக்காவுக்குக் கவலையே இல்லை. "மசக்கைடா. இவ வயித்துல இருந்தப்ப எனக்குப் பச்சத்தண்ணி கூட நிக்கல."

சரிதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருந்தாளாம். மசக்கைக்கு வார லீவு உண்டா? எனக்கென்ன தெரியும் பொம்பளைகள் விஷயம்.

ஜூலை 5, சனி

எழுத்து கோணல் மாணலாக வருகிறது.

ரேஷன் கடையில் தீர்த்தம்மாளைப் பார்த்தேன். மலையில் அங்கன்வாடி வேலை, தேன்மொழியோடு காரில் போகிறவர். சும்மா பேச்சுக்கு, "வண்டி எப்படிங்க, சத்தமே இல்லீங்களே?" என்றேன்.

"இந்த வாரம் நான் பஸ்ஸுலதாங்க போனன். கார்ல ஏறுனாவே மண்ட இடிக்குது. ரெண்டு வாட்டி வாந்தி எடுத்துட்டன். மேல சாரலும் குளிருமா இருக்குதா, கண்ணாடியத் தொறக்கவும் முடியல. ஒரே புகை வாசம்."

"என்கிட்ட ஏங்க சொல்லல?"

"டீச்சருதான் சொல்ல வேணாம்னாங்க. தாய்மாமன் சீரு, அதுல கொறை சொல்லக் கூடாதாமே."

அந்தம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது. அவங்களுக்கும் மசக்கையா?

அய்யோ. ஏசியைப் போட்டுவிட்டு நின்ற காருக்குள் தூங்கினவங்க புகை ஏறி எழுந்திருக்கவே இல்லைன்னு பேப்பர்ல போட்டிருந்தானே. நானே அதை நாலு பேருக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டினேனே.

நேராகப் போய்ச் சாவியை வாங்கி, காரைப் பட்டறைக்கு ஓட்டி வந்துவிட்டேன். மாப்பிள்ளை ஏன் என்றார். சர்வீஸ் என்றேன்.

ஜூலை 6, ஞாயிறு

விரிப்பைத் தூக்கினேன். சும்மா விட்ட இரண்டு ஓட்டையையும் சுற்றிக் கரி, கண்மை இட்டதுபோல. பைப்பின் வாய் நேராக அதற்குக் கீழே.

அளவு தப்பியதுதான். தப்பி இரண்டு போட்டேன், பிறகு சரியாக இரண்டு போட்டேன். மூடாமல் விட்டேன்.

இரண்டு தகடு வைத்துப் பற்றவைக்க அரைமணி நேரம். ஒருத்தருக்கும் தெரியாது. சீர் சீராகவே இருக்கும். மசக்கை மசக்கையாகவே போகும்.

ஆனால் டாக்டருக்குத் தெரிய வேண்டாமா? இரண்டு வாரம் என் புகையைக் குடித்திருக்கிறது அந்த உயிர். டாக்டரும் மசக்கை என்றே மாத்திரை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தால்? சொல்லத்தான் வேண்டும். எப்படிச் சொல்வேன்? அக்கா முகத்தில் எப்படி முழிப்பேன்?

ஜூலை 7, திங்கள்

போன் செய்து, "கார் இங்கயே இருக்கட்டும், நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம், நானும் வரன்" என்று மட்டும் சொன்னேன். மீதியைச் சொல்லாமலே போனை வைத்துவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

சொல்லிவிட்டேன். டாக்டரம்மா முன்னால், அக்காவும் தேன்மொழியும் மாப்பிள்ளையும் நிற்க. ஓட்டை, கரி, குறைத்த பைப், தீர்த்தம்மாள் சொன்னது எல்லாம். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. எத்தனை நாள், ஒரு நடைக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டு எழுதிக்கொண்டார். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். "துடிப்பு நல்லா இருக்கு. இப்பவாவது சொன்னீங்களே. இருபத்தெட்டாம் தேதி மறுபடி பாப்போம்" என்றார். பயப்பட வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் காத்திருந்தேன், அதை மட்டும் சொல்லவே இல்லை.

வெளியே வந்ததும் அக்கா: "என் புள்ளைய விசப்புகையில உக்கார வச்சியாடா?" அதோடு சரி. வேறு ஆட்டோவில் போய்விட்டாள்.

ஜூலை 12, சனி

ரஞ்சித்குமார் கடையில் காரை விட்டேன். என் பைப்பை அறுத்துப் போட்டான். நாலு ஓட்டையையும் மூடி, வாயைப் பம்பருக்கு வெளியே, மேல்நோக்கித் தூக்கி வைத்தான். கல்லுக்கும் தப்பும், புகையும் வெளியே போகும். "பெட்டி வெல்டிங் மட்டும் நல்லா இருக்குதுண்ணே, அத வச்சிக்கலாம்" என்றான். தலையாட்டினேன்.

அக்கா இன்னும் போன் எடுக்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

டாக்டரம்மா சம்மதித்த பிறகு இன்றுதான் தேன்மொழி வேலைக்குப் போனாள். மாப்பிள்ளை ஓட்டினார், தீர்த்தம்மாளும் வந்தார். நான் பின் சீட்டில், டிக்கிப் பக்கம் மூக்கை வைத்துக்கொண்டு. கண்ணாடியெல்லாம் சாத்தச் சொன்னேன். ஒவ்வொரு வளைவிலும், "தல வலிக்குதா? வாசம் வருதா?"

"நீங்க கேட்டுக் கேட்டுத்தான் மாமா வலிக்குது" என்றாள்.

பாதி மலையில் மீதியையும் சொன்னேன். ஓசூரில் எனக்குப் பிரிவும் இல்லை, ஒன்றும் இல்லை. வந்த சைலன்சரை அட்டைப்பெட்டியில் போட்டு டேப் ஒட்டினேன், பதினோரு வருசமும்.

தேன்மொழி திரும்பினாள். "அட்டைய ஒட்டுனவரு பைப்ப எதுக்கு மாமா ஒட்டுனீங்க? எங்கிட்டச் சொல்லியிருந்தா ஒரு மோதிரமே போதும்னு இருந்திருப்பேன்ல." பிறகு, "நானும் சொல்லாம இருந்துட்டன்" என்றாள், வயிற்றைப் பார்த்துக்கொண்டு.

மேலே போய் இறங்கினோம். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். "பசிக்குது" என்று தீர்த்தம்மாள் கையிலிருந்த டப்பாவைப் பிடுங்கி, நின்றபடியே இரண்டு இட்லி தின்றாள். இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டாள்.