பார்க்கவில்லை என்று சொன்னேன்

26 ஒக்டோபர், ஞாயிறு. டோர்ட்மண்ட், ஜேர்மனி.

இன்று மகனிடம் பொய் சொல்லிவிட்டேன்.

நிரூபன் கனடாவில் முட்டை வடிவப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் கால்பந்து அணி ஒன்றில் இருக்கிறான். அவனுடைய வேலை உதைப்பது மட்டும். பருவத்தின் கடைசி ஆட்டம் இங்கே விடியப்புறம் முடிந்தது. கடைசி நிமிடத்தில் இரண்டு புள்ளி பின்னால் நின்றார்கள். அவன் கம்பங்களுக்கு நடுவே உதைத்திருந்தால் மூன்று புள்ளி கிடைத்திருக்கும். பந்து விலகி எல்லைக்கு வெளியே போனது. அதற்கும் அங்கே ஒரு புள்ளி கொடுக்கிறார்கள். ஒரு புள்ளியால் தோற்றார்கள். மற்றவர்கள் உள்ளே போன பிறகும் அவன் தலைக்கவசத்தைக் கழற்றாமல் மைதானத்தில் நின்றான்.

பின்னேரம் போன் எடுத்தான்.

“அப்பா, மட்ச் பாத்தனீங்களோ?”

“இல்லையடா, நித்திரையாப் போனன்,” என்றேன். அவனுக்கு வெட்கமாக இருக்கக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன்.

“ஓம், பரவாயில்லை. மற்றப் பொடியளின்ரை வீட்டுக்காரர் எல்லாம் வந்திருந்தவை. நீங்களாவது பாத்துக்கொண்டிருப்பியள் எண்டு நினைச்சன்.”

வைத்துவிட்டான். திரும்ப எடுத்தேன். போனை நிறுத்திவிட்டான்.

இந்தப் பருவத்தில் அவனுடைய ஒரு ஆட்டத்தையும் நான் தவறவிடவில்லை. அதை அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போதுதான் குரல் செய்தி அனுப்பினேன். “நிரூபன், நான் பாத்தனான். நீ உள்ளுக்குப் போகுமட்டும் நானும் இஞ்சை எழும்பி நிண்டனான்.”

அங்கே இன்னும் இருட்டியிருக்காது. அவன் இதுவரை கேட்கவில்லை.