டீச்சர் வீட்டுக்கு முந்தின வீடு

அக். 13, திங்கள்

காலையிலிருந்து தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை. வாங்க: சேமியா, மெழுகுவத்தி, மல்லி மூன்று முழம். செபமாலை மாதம்; மாதா சுரூபம், கோயிலின் சின்னச் சிலை, வீட்டுக்கு ஒரு நாள். இன்று நம் வீடு. நாளை நான் தூக்கிப்போய் அடுத்த வீட்டில் விட வேண்டும். அருள்மேரி வீடு.

இரவு. செபம் முடிந்தது. மாதர் சங்கத் தலைவி ரெஜினா டீச்சர், இரண்டாவது டம்ளர் பாயசத்தோடு: "லூர்து, நாளைக்கு நேரா எங்க வீட்டுக்குக் கொண்டாந்துரு. அருள்மேரி வீடு வேணாம். மக பழனியில போயி தாலி கட்டிக்கிட்டு வந்துருக்கா. அந்த மாப்பிள்ளப் பயலும் அங்கதான் இருக்கான்."

"ஃபாதர்ட்ட கேட்டீங்களா?"

"நீங்களே பேசி முடிவு பண்ணிக்கங்கன்னுட்டாரு."

நல்ல ஃபாதர். தனக்குப் பொறுப்பில்லை என்று பிலாத்து கை கழுவிய கதையைப் பெரிய வெள்ளிக்குப் பெரிய வெள்ளி அவர்தான் வாசிக்கிறார். மற்றவர்களில் ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோயில் பீடத்துணி எல்லாம் துவைத்துக் கஞ்சி போடுவது அருள்மேரி. அந்தக் கை ஆகும், வீடு ஆகாது!

அக். 14, செவ்வாய்

சட்டினி தாளிக்கும்போது அருள்மேரி போன். "அக்கா, வீடெல்லாம் கழுவிட்டேன். மாப்பிள்ள ஆயக்குடியிலருந்து அவுங்க தோட்டத்துக் கொய்யா கொண்டாந்துருக்காரு, எல்லாருக்கும் குடுக்க. எப்ப வாரீங்க?"

அவளிடம் யாரும் சொல்லவே இல்லை. சொல்லத் தைரியமில்லாத கூட்டம். "ஆறரைக்கு" என்றேன். சட்டினி கருகியது.

சாயங்காலம். சுரூபம் என் கையில். பக்கத்தில் மைக்கோடு டீச்சர். எங்கள் பெண்கள் செபமாலையில் ஒரு பத்து, அதாவது பத்து 'அருள் நிறைந்த மரியே', ஆரம்பித்தால் முடிக்காமல் நிறுத்த மாட்டார்கள். பாம்பு வந்தாலும் ஒதுங்கி நின்று சொல்வார்கள். மூன்றாம் பத்தின் நடுவில் அருள்மேரி வாசல். நான் உள்ளே திரும்பிவிட்டேன். டீச்சர் மைக்கில் "அருள் நிறைந்த மரியே" சொல்லிக்கொண்டே என் முந்தானையை இழுக்கிறார்! பத்தின் நடுவில் அவரால் வாயை நிறுத்த முடியவில்லை. சுரூபம் போகிற வழியில் கூட்டம். எல்லோரும் உள்ளே.

டீச்சர் மட்டும் செருப்பைக் கழற்றவில்லை. வெளியில் நின்றே முடித்தார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அந்தப் பையன் கொய்யாத் தட்டை நீட்டினான். "வேணாம்ப்பா, சுகர்."

சுகராம். நேற்றைய பாயசம்?

அக். 15, புதன்

காலையில் டீச்சர் போன். "நீயே போயி சுரூபத்த எடுத்துட்டு வா. அவ தூக்கிட்டு வரவேணாம்."

"வச்சிருக்கிற வீட்டுக்காரிதான் தூக்கணும் டீச்சர். நீங்க சொன்ன முறதான்."

போனை வைத்துவிட்டார்.

சாயங்காலம் மறுபடி தூறல். அருள்மேரி பட்டுச்சேலையில், கையில் சுரூபம். மாப்பிள்ளை குடை பிடித்தான். முந்தாநாள் வாய் திறக்காதவர்களில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். அதிலும் ஒரு சந்தோஷம்.

டீச்சர் வீடு. சீரியல் லைட், வாழைமரம், சாமந்தித் தோரணம். கதவு சாத்தியிருந்தது. உள்ளே டிவி சத்தம். அருள்மேரி கூப்பிடவில்லை, தட்டவில்லை. மைக் இல்லாமல் முதல் பத்தை ஆரம்பித்தாள். ஐந்து பத்தும் முடிந்தது. டிவி நின்றது. கதவு திறக்கவில்லை.

சுரூபம் திரும்ப அருள்மேரி வீட்டில். பெத்லகேமில் நிறைமாத மாதாவுக்குக் கதவைச் சாத்தியவனுக்காவது வந்திருப்பது யார் என்று தெரியாது.