எண்பத்திரண்டாவது நிமிடம்

டிப்போ ஓய்வறை
புதன்கிழமை

அன்பு மனைவிக்கு,

இங்கே நான் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நான் நலமாக இல்லை. முதல் வரியிலேயே எதற்குப் பொய் என்று விட்டுவிட்டேன். நீயும் மகளும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும்.

நீ ரயிலேறி நான்கு நாட்கள் ஆகின்றன. மூன்று முறை போன் செய்தேன். முதல் தடவை நீ குளிக்கிறாயாம். இரண்டாம் தடவை தூங்குகிறாயாம். மூன்றாம் தடவை மறுபடியும் குளிக்கிறாயாம். நம் மகளுக்குப் பொய் சொல்ல வரவில்லை, பாவம். அதனால்தான் கடிதம். குளிக்கப் போனவர்கள் திரும்பி வரும்வரை கடிதம் காத்திருக்கும்.

இங்கே ஊரே துக்க வீடு மாதிரி கிடக்கிறது. நாற்பத்தொரு வருஷம் முதல் பிரிவில் ஆடிய நம் கால்பந்து அணி, சனிக்கிழமையோடு இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டது. திங்கட்கிழமை காலை டிப்போவுக்குள் நுழைந்தால் பேச்சு மூச்சு இல்லை. வண்டியைக் கழுவுகிறவர்கள்கூடத் தண்ணீரைச் சத்தமில்லாமல் ஊற்றினார்கள். நம் குண்டு டிரைவர் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடினான். பதினெட்டு வருஷத்தில் அவன் காலி செய்யாமல் மூடி நான் பார்த்ததில்லை.

டிக்கெட் பரிசோதகர் எதிரணிக்காரர் என்று உனக்குத் தெரியும். ஒவ்வொரு தோல்விக்கும் என் காதருகே வந்து விசில் ஊதிவிட்டுப் போகிற மனுஷன். அவர் திங்கட்கிழமை வந்து என் தோளைத் தொட்டு, "டீ சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். கிண்டல் பண்ணியிருந்தால்கூடத் தேவலை. அவர் அன்பாகக் கேட்டதுதான் தாங்கவில்லை. கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். பக்கத்துத் தடுப்பிலும் ஒரு குழாய் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. யார் என்று நான் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை.

நான் ஓட்டுகிற பதினாலாம் நம்பர் வண்டி மைதானத்தைத் தாண்டித்தான் போகிறது. நேற்று ஒரு பெரியவர் நம் அணி மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஏறினார். வெயில் கொளுத்துகிறது, கழற்றவில்லை. மைதான நிறுத்தம் வந்தது. அவர் இறங்கவில்லை. கடைசி நிறுத்தம் வரை வந்து, அதே வண்டியில் திரும்பி, மறுபடி மைதானம் வந்தபோது கண்டக்டர் போய்க் கேட்டான். "இறங்கலாம்னுதான் வந்தேன் தம்பி, கால் வரலை" என்றாராம். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு மைதானப் படிகளில் ஏற முடியாமல் நான் வீட்டு டிவியோடு ஒதுங்கியதே நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை நடந்ததைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆட்டம் நடக்கும்போது நீ வீட்டுக்கு வெளியே இருப்பது நமக்குப் பதினோரு வருஷப் பழக்கம். நான் கட்டாயப்படுத்தவில்லை. முதன்முதலில் ஒருநாள் இரண்டு கோல் பின்தங்கியிருந்தோம். நீ நூல்கண்டு வாங்கக் கடைக்குப் போனாய். திரும்பி வருவதற்குள் மூன்று கோல் போட்டு ஜெயித்துவிட்டோம். "நீ வெளிய போனாத்தான்டி கோல் விழுது" என்றேன். நீயும்தான் சிரித்தாய். அடுத்த வாரம் நீயே கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாய், அன்றும் ஜெயித்தோம். அப்படியே வழக்கமாகிவிட்டது. முடிந்தபின் வருவாய், "என்ன ஆச்சுங்க?" என்பாய், நான் சொல்வேன். இதில் யாருக்கு என்ன குறை?

சனிக்கிழமை ஆளுக்கொரு கோல். டிரா ஆனால் போதும், தப்பித்திருப்போம். எண்பத்திரண்டாவது நிமிடம் நீ கதவைத் திறந்தாய். அவர்கள் கோல் போட்டார்கள். பதற்றத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அதைப் போய்ப் பெரிதுபடுத்தி, விடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேத்தியைப் பார்க்கக் கிளம்ப வேண்டுமா? இன்னும் எட்டு நிமிடம்தானே இருந்தது, உனக்கு அப்படி என்ன அவசரம்?

சரி, விடு. சீக்கிரம் கிளம்பி வா. உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று மகளிடமாவது சொல்லி அனுப்பு.

இப்படிக்கு,
உன் கணவன்


வீடு
ஞாயிற்றுக்கிழமை, மதியம்

என் அன்பு மனைவிக்கு,

நீ போய் இரண்டு வாரமாகிறது, உன் கடிதம் வரவில்லை. மூன்றாவது டப்பா என்று மகள் மூலம் வந்தது. அந்த அளவுக்காவது நான் சாப்பிட வேண்டும் என்று நினைத்தாயே, அதற்கு நன்றி.

போன கடிதத்தை நான் எழுதியிருக்கக் கூடாது. எழுதியதைத் திரும்ப வாங்க முடிந்தால் உங்கள் ஊர்த் தபால்காரர் காலில் விழுந்தாவது வாங்கியிருப்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை என் காக்கிச் சட்டையில் இரண்டு பட்டன் போய்விட்டது. தெருமுனைத் தையல்கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். எத்தனை வருஷமாக அந்தக் கடையைத் தாண்டிப் போகிறேன், உள்ளே போனதே இல்லை. எல்லாம் நீதானே கொடுத்து வாங்குவாய். தையல்காரர் என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தி எழுந்துவிட்டார். "அம்மாவுக்கு என்னாச்சு சார்? ரெண்டு வாரமா காணோம். அன்னிக்கு நான் கடையைப் பூட்டினது தப்பாப் போச்சு" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். அப்போதுதான் சுவரில் பட்டன் பெட்டிகளுக்கு மேலே அந்தச் சின்ன டிவியைப் பார்த்தேன். அதன் கீழே, இஸ்திரி மேசை ஓரமாக, ஒரு ஸ்டூல். உன் பழைய துப்பட்டாவை மடித்து அதன்மேல் போட்டிருந்தது.

பதினோரு வருஷமாக நீ அங்கேதான் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். ஓர் ஆட்டம் விடாமல்.

எனக்குத் தெரியும் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தாராம். அதனால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சும்மா உட்காரக் கூச்சப்பட்டு அவருக்குப் பட்டன் தைத்துக் கொடுப்பாயாம். ஆட்டம் இழுபறியானால் நீ தைத்த பட்டனை யாராலும் போட முடியாதாம், அவ்வளவு இறுக்கமாம். அவர் பிரித்துத் தைப்பாராம். இடதுபக்கம் ஓடுகிற நெட்டையனை "நம்ம நெட்டையன்" என்பாயாம். பழைய கேப்டன் ஓய்வு பெற்ற அன்று, யாரோ ஒரு மாப்பிள்ளையின் கல்யாணக் கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாயாம். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "என்னங்க, கேப்டன் போயிட்டாராமே?" என்று என்னிடம் கேட்டாயே. நான் உனக்கு ஆறுதல் சொல்லவில்லை. உனக்கு எதற்கு ஆறுதல் என்று நினைத்தேன்.

ஒவ்வொரு வாரமும் முழு ஆட்டத்தையும் உனக்கு நடித்துக் காட்டியிருக்கிறேன். டம்ளரைக் கோல்கீப்பராக நிறுத்தி, கரண்டியை நெட்டையனாக்கி, அரை மணி நேரம். நீயும் கண்ணை விரித்துக் கேட்பாய். ஒருநாள் மட்டும், "அது ஆஃப்சைடு இல்லீங்களா?" என்று வாய் தவறிக் கேட்டாய். "உனக்கு என்னடி தெரியும் அதெல்லாம்" என்று சிரித்தேன். அது ஆஃப்சைடுதான்.

அந்தச் சனிக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். கடைசி ஆட்டம், நேரில் போய் நிற்க வேண்டும் என்று தோன்றித் தையல்காரர் கடையைப் பூட்டிவிட்டு மைதானத்துக்குப் போயிருக்கிறார். உன்னிடம் சொல்ல மறந்துவிட்டார். நீ போனபோது பூட்டு தொங்கியது. எதிரே இருக்கும் டீக்கடைக்காரரிடம் விசாரித்தேன். நீ தெருவில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தாயாம். எந்த வீட்டில் சத்தம் கேட்டாலும் ஜன்னலோரம் நின்று கேட்டுவிட்டு நகர்வாயாம். எண்பது நிமிடம். பிறகு தாங்க முடியாமல் வீட்டுக்கு வந்திருக்கிறாய். கடைசி எட்டு நிமிடமாவது என் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று வந்திருக்கிறாய்.

வந்தவளிடம் நான் என்ன சொன்னேன் என்பதைப் போன கடிதத்தில் எழுதாமல் தப்பித்துக்கொண்டேன். இப்போது எழுதுகிறேன். "உன் ராசி தெரிஞ்சும் எதுக்குடி உள்ள வந்த? நீ கால வச்ச இடம் எது விளங்கிச்சு?" என்றேன். நீ கூடையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாய். அப்போதும் நான் திரும்பி டிவியைத்தான் பார்த்தேன்.

நமக்குக் கல்யாணமான ஒன்பதாம் நாள் என் அப்பா இறந்தார். கூடத்தில் அத்தனை பேர் இருக்க, என் அத்தை உன்னைக் காட்டி, "வந்த ராசி" என்றாள். நான் எழுந்து, "இந்த வீட்டுல அந்தப் பேச்சு பேசறவங்க வெளிய போகலாம்" என்றேன். அன்று நீ என்னைப் பார்த்த பார்வைக்காகவே நான் பெரிய ஆள் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தை ஒருமுறை சொன்னாள். நான் பதினோரு வருஷம், வாரம் தவறாமல், வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். டிப்போவில் ஒரு பையன் போனில் அந்த ஆட்டத்தின் பதிவு இருந்தது. வாங்கி, நீ கதவைத் திறந்தது கோலுக்கு முன்னாலா பின்னாலா என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன். நான்கு முறை ஓட்டிப் பார்த்தேன். பிறகுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. பின்னால் என்று தெரிந்தால் உன்னை மன்னிப்பதாக இருந்தேனா?

நீ இதையெல்லாம் நம்புகிறாயா என்று தையல்காரர் ஒருமுறை கேட்டாராம். "அவருக்கு அது ஒரு பிடிமானம், இருந்துட்டுப் போகட்டும்" என்றாயாம். கையிலிருந்த பட்டனைத் தைத்து முடித்துவிட்டு, "ஆனா தோக்கும்போதெல்லாம், நான் ஒளிஞ்சு பாக்கறதாலதானோன்னு தோணும்" என்றாயாம். அதைக் கேட்ட பிறகு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. சட்டையைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மன்னித்துவிடு என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன். கை கூசுகிறது.

உன் கணவன்


வீடு
வியாழக்கிழமை, காலை

என் கண்ணுக்கு,

நேற்று மகள் தானாகவே போன் செய்தாள். ஹலோகூடச் சொல்லவில்லை. "அம்மாவ என்னப்பா சொன்னீங்க?" என்று கேட்டு அழுதாள்.

எல்லாம் சொன்னாள். பேத்தி பள்ளிக்கூட அணியில் கோல்கீப்பர். நம் குடும்பத்து ரத்தம், வேறென்ன செய்யும். சனிக்கிழமைதோறும் நீதான் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறாயாம். ஆனால் மைதானத்துக்குள் போவதில்லையாம். கேட்டுக்கு வெளியே, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்கிறாயாம், ஆட்டம் முடியும்வரை. ஏன் பாட்டி உள்ளே வரவில்லை என்று குழந்தை கேட்டிருக்கிறாள். "நான் வந்தா நீ தோத்துருவடா கண்ணு" என்றாயாம்.

அதோடு முடியவில்லை. போன வாரம் மகள் வேலையிலிருந்து சீக்கிரம் வந்து ஆட்டம் பார்க்க ஓடியிருக்கிறாள். ஒன்பது வயதுக் குழந்தை கோல் கம்பத்தடியிலிருந்து கையை நீட்டி, "அம்மா, நீயும் வெளியவே நில்லு" என்று கத்தியிருக்கிறாள். நான் நம் வீட்டில் வேடிக்கைக்கு ஆரம்பித்தது இவ்வளவு தூரம், ரயிலேறிப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அதனால் உட்கார்ந்து தெளிவாக எழுதுகிறேன். நீ படித்துவிட்டுக் குழந்தைக்கும் படித்துக் காட்டு. ஓர் அணி கீழே இறங்க ஒரு வருஷம் முழுக்கத் தோற்க வேண்டும். நாம் முப்பத்தெட்டு ஆட்டத்தில் இருபத்தொன்றில் தோற்றோம். நன்றாக ஆடிய முன்கள வீரனைப் பாதியில் விற்றார்கள். பயிற்சியாளரை மூன்று தடவை மாற்றினார்கள். தடுப்பாட்டக்காரர்களைப் பற்றி நீயே சொல், என்னைவிட நன்றாகப் பார்த்தவள் நீ. இதில் கதவைத் திறந்தவளுக்கு ஒரு வேலையும் இல்லை. தாத்தா சொன்னது தப்பு. பயத்தில் சொன்னது. பயந்தவன் பக்கத்தில் இருப்பவர்மேல்தான் பழியைப் போடுவான், தூரத்தில் இருப்பவர் கைக்கு எட்டமாட்டார்.

வீட்டுக்கு வா என்று இந்தக் கடிதத்தில் நான் கேட்கப்போவதில்லை. கேட்க எனக்கு வாயில்லை. உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது பார்த்துக்கொள்ளலாம், தோன்றாவிட்டாலும் நான் குறை சொல்லமாட்டேன். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன், அதுவும் எனக்காக இல்லை.

வருகிற சனிக்கிழமை அந்தக் கேட்டுக்குள் போ. மகளையும் கூட்டிக்கொண்டு போ. முதல் வரிசையில், குழந்தை கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து உட்கார். அவள் போகச் சொன்னாலும் எழுந்திருக்காதே. ஜெயித்தால் சந்தோஷம். தோற்றால் தோற்கட்டும், ஐந்து கோல் விடட்டும். விட்ட பந்தை வலையிலிருந்து எடுத்துக்கொண்டு அவள் நிமிரும்போது, அவளுக்கு எதிரே நீ இருக்க வேண்டும்.

உன்னை வெளியே நிற்க வைத்தவன்