ரெண்டு மணி வெயிலில் படுத்துப் பார்த்த கூரை

மேஸ்திரி கொடுத்துவிட்டுப் போன நீல ஷீட்டுத் துண்டும் ஒரு சிவப்பு ஓடும் காலையிலிருந்து மொட்டைச் சுவரின் மேல் காய்கின்றன. மதியம் ரெண்டு மணிக்கு ஷீட்டைத் தொட்டேன். சுரீரென்றது. விரலை உதறும்போதே உன் ஞாபகம் வந்துவிட்டது.

சூளகிரியில் வீடு கட்டுகிறேன்டி. சுவர் எழும்பிவிட்டது. கான்கிரீட் போட இப்போதைக்கு வழியில்லை. கூரைக்குத் தகர ஷீட்டா, ஓடா என்று இன்றைக்குள் சொல்ல வேண்டும் என்றார் மேஸ்திரி. கம்பெனியில் எனக்கு இன்னும் நைட் ஷிப்ட்தான். பகலில் தூங்கினால்தான் உண்டு.

ஜூஜுவாடியில் நாம் வாடகைக்கு எடுத்த அறையை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. மார்கழிக் காலையில் போய்ப் பார்த்தோம். ஒரே சால்வையை இருவரும் போர்த்திக்கொண்டு, "என்னமா ஜில்லுன்னு இருக்குது!" என்று அங்கேயே சரி சொன்னோம். மேலே சிமெண்ட் ஷீட் என்று அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. ஓசூர்க் குளிரை நம்பி மோசம் போனவர்கள் நாம் மட்டுமா? லைன் வீட்டுப் பெண்கள் பாதிப் பேர் அப்படித்தான்.

பங்குனி வந்ததும் தெரிந்தது. ஷிப்ட் முடிந்து வந்து படுத்தால், காய்ந்த தோசைக்கல்லைத் தலைக்கு மேல் கவிழ்த்த மாதிரி இருந்தது. ஒரு வாரம் சரியாகத் தூங்காமல், கம்பெனி லைனில் நின்றபடியே கண்ணசந்து ட்ரேயைக் கவிழ்த்துவிட்டேன். "இன்னொரு தடவ ஆச்சுன்னா வேலைக்கு வராதம்மா" என்றார் சூப்பர்வைசர்.

அழுதுகொண்டே வந்தேன். நீ அழவிடவில்லை. அன்றே சுண்ணாம்பு வாளியோடு ஏணியில் ஏறினாய். வீட்டுக்காரம்மா கீழே நின்று கன்னடத்தில் திட்டத் திட்ட, நீயும் கன்னடத்திலேயே கொஞ்சிக் கொஞ்சிப் பதில் சொல்லி, கை எட்டிய வரைக்கும் வெள்ளையடித்தாய். கூரையில் பாதிதான் வெளுத்தது. அந்தப் பாதிக்குக் கீழே சூடு கொஞ்சம் குறைந்தது. என்னை அங்கே படுக்கவைத்துவிட்டு, வெள்ளையடிக்காத பக்கம் நீ படுத்துக்கொண்டாய். அந்தக் கோடை முழுக்க அப்படித்தான். என் வேலை நிலைத்தது.

"அடுத்த வூடு பாக்கறப்ப மத்தியானம் ரெண்டு மணிக்குப் போயி படுத்துப் பாப்போம்டி. தூக்கம் வந்தாத்தான் குடி போறது" என்று சொல்லி வைத்தாய். அடுத்த வீட்டுக்கு நீ வரவில்லை. மூன்றே நாள் காய்ச்சல். பாவி, இப்படியா போவாய்!

நேற்று அதைத்தான் செய்தேன். பக்கத்துத் தெருவில் ஷீட் போட்ட வீட்டில் கேட்டுப் படுத்தேன். பத்து நிமிடத்தில் முதுகு நனைந்துவிட்டது. அடுத்தது ஓட்டு வீடு.

"ஒடம்பு சரியில்லியாம்மா?" என்றார் அந்த வீட்டு அக்கா.

"நல்லாத்தான் இருக்கேன்க்கா. உங்க ஓட்டுக்கு அடியில கொஞ்ச நேரம் படுத்துப் பாக்கணும்."

விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே பாயையும் விரித்தார்.

கண் விழித்தபோது மணி நாலரை. தலைமாட்டில் டீ ஆறிப்போய் இருந்தது. "எழுப்ப மனசு வரலம்மா" என்றார் அக்கா. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது.

சற்று முன் மேஸ்திரி வந்தார். "கொரங்கு வந்தா ஓடு ஒடையும்மா, யோசிச்சுக்கோ" என்றார்.

"ஒடைஞ்சா மாத்திக்கலாம் மேஸ்திரி. ஓடே போடுங்க."

அவர் போனதும், பாயை எங்கே விரிப்பது என்று அறையைச் சுற்றி வந்து பார்த்தேன். இந்தக் கூரைக்குக் கீழே வெளுத்த பாதி, வெளுக்காத பாதி என்று எதுவும் இருக்காது. நீ எந்தப் பக்கம் வேண்டுமானாலும் படுத்திருக்கலாம்டி.