விழுப்புரம் பிளாட்பாரத்துக்கு நான் வராத காரணம்

மயிலம் முருகன் துணை

திண்டிவனம்
12-9-1964

சிரஞ்சீவி பாண்டுரங்கனுக்கு உன் அப்பா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. நீயும் மருமகள் காந்திமதியும் குழந்தை அம்சாவும் பிலாய்க்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், மண்டி நடக்கிறது. மற்றதைக் கீழே எழுதுகிறேன். கோபத்தில் பாதியில் மடித்து வைத்துவிடாமல் கடைசி வரைக்கும் படித்துவிடு.

நேற்றுக் காலை வளவனூரிலிருந்து உன் அத்தை அஞ்சம்மாள் பஸ் பிடித்து நேரே மண்டிக்கே வந்துவிட்டாள். மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்த ஆட்கள் எதிரிலேயே, "நீயெல்லாம் ஒரு மனுசனாடா, புள்ள ரயிலுக்கும் கேட்டுக்கும் எத்தினி வாட்டி நடந்தான் தெரியுமா, தலைய எட்டி எட்டிப் பாத்துக்கினே இருந்தான்டா" என்று பிடித்துக்கொண்டாள். அவள்தான் அன்றைக்கு உங்களைப் பார்க்க விழுப்புரம் பிளாட்பாரத்துக்கு வந்திருந்தாளே. அவள் சொல்லித்தான் எனக்கு எல்லாம் தெரிந்தது. புதன்கிழமை ரயில் விழுப்புரத்தில் நின்றதும் முதல் ஆளாக நீ இறங்கினாயாம். குழந்தை மருமகள் தோளில் நல்ல தூக்கமாம். மாமா வரவில்லையா என்று மருமகள் ஜன்னலிலிருந்து கேட்டதற்கு, "வரமாட்டாரு, எனக்குத் தெரியும்" என்று நீ சொன்னாயாம். அந்த வார்த்தையைக் கேட்டது முதல் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அதனால் உடனே எழுதுகிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் நீ வேலைக்குப் புறப்பட்ட அன்றைக்கு நான் ஸ்டேஷனுக்கு வராமல் தராசுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். திருச்சியில் நடந்த உன் கல்யாணத்துக்கும் வரவில்லை. அந்த இரண்டும் வீம்பு, இல்லை என்று சொல்லப் போவதில்லை. ஒற்றை ஆளாகத் தலைச்சுமை தூக்கி ஆரம்பித்து ஒரு மண்டியை நிறுத்தி வைத்தால், ஒரே பிள்ளை அதை விட்டுவிட்டு இரும்பு உருக்கப் போகிறானே என்கிற ஆத்திரம். ஆனால் இந்தப் புதன்கிழமை நான் புறப்பட்டேனப்பா. புறப்பட்டு ஆறு மைல் குறைவாக நின்றுபோனேன்.

உடம்பு சரியில்லாத மாமனாரைப் பார்க்கத் திருச்சி வந்திருக்கிறோம், லீவு இல்லை, ரயில் திண்டிவனத்தில் நிற்காது, விழுப்புரத்தில் கால் மணி நிற்கும், முடிந்தால் வாருங்கள் என்று நாலு வரியில் நீ போட்ட கார்டு எனக்கு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே கிடைத்துவிட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கும் வீட்டில் யார் இருக்கிறார்கள், உன் அம்மா போன பிறகு வீட்டுக்குள் நான் பேசுவதே சாமி விளக்கு ஏற்றும்போதுதான். ஆசாரியிடம் போய்க் குழந்தைக்கு வெள்ளிக் கொலுசு வேண்டும் என்றேன். கால் அளவு என்ன என்று கேட்டான். எனக்கு என்ன தெரியும். பார்த்திருந்தால்தானே. ஒன்றரை வயசு என்று சொல்லி என் இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினேன். அவன் சிரித்துவிட்டு, "தாத்தா விரலு அளவுல எந்தக் கொழந்தைக்குங்க காலு இருக்கும்" என்று தானே ஒரு அளவு வைத்துக்கொண்டான். புதன்கிழமை விடிந்ததும் சவரம் பண்ணிக்கொண்டு, வெள்ளை வேட்டி கட்டி, திருச்சிப் பக்கம் நிலக்கடலை என்கிறார்களே, அந்தப் புது மல்லாட்டை ஒரு மூட்டை வேனில் ஏற்றி, ஒத்தாசைக்கு நம் எடையாள் பெரியதம்பியையும் உட்கார வைத்துக்கொண்டு ஒன்பது மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டேன். ரயில் பதினொன்றரைக்குத்தான். சைக்கிளில் போகிற ஆள்கூட அதற்குள் போய்ச் சேர்ந்திருப்பான்.

இப்போது வேன் சங்கதியைச் சொல்லவேண்டும். நீ இருந்த வரைக்கும் அதன் சத்தத்தை வைத்தே நோவு சொல்லுவாய். எனக்கு அந்தக் காது இல்லை. ஆடி மாசக் கடைசியில் இன்ஜினில் ஒரு பிளக்கின் அடியிலிருந்து புஸ் புஸ் என்று காற்று வர ஆரம்பித்தது. மெக்கானிக் தேவசகாயம் பார்த்துவிட்டு, பிளக் உட்காருகிற இடத்தில் மரை தேய்ந்துவிட்டது, மேல் மூடியைக் கழற்றிப் புது மரை போட்டுத்தான் ஆகவேண்டும், நாலு நாள் வண்டியை விடுங்கள் என்றான். விதைக் காய் ஏற்றுகிற நேரத்தில் நாலு நாள் வண்டியை விட்டுவிட்டு நான் என்ன செய்ய. நானே ஒரு வழி பண்ணினேன். ஒலக்கூரில் நம் கிணற்றில் பம்பு போட்டபோது பைப் மூட்டில் தண்ணீர் கசிந்தால் சணலைச் சுற்றிப் பெயிண்டைத் தடவி முறுக்குவோமே, அதேபோலக் கோணியிலிருந்து சணலைப் பிரித்துப் பிளக்கின் மரையில் சுற்றி, பெயிண்டைத் தடவி, பெரிய ஸ்பானரைப் போட்டு நானும் பெரியதம்பியுமாக முறுக்கிவிட்டோம். சத்தம் நின்றுவிட்டது. மூன்று வாரம் ஓடியது. தேவசகாயத்தைத் தெருவில் பார்த்தபோதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு.

விக்கிரவாண்டி தாண்டி ரோடும் ரயில் பாதையும் பக்கத்தில் பக்கத்தில் போகிற இடத்தில் டமார் என்று துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். பிளக் பிய்த்துக்கொண்டு கிளம்பி பானெட்டை உள்ளிருந்து அடித்து மேலே ஒரு கொம்பு முளைத்த மாதிரி ஆகிவிட்டது. வரப்பில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் பிள்ளை ஒருத்தி, "இன்னாங்க, வேட்டு வெச்சிக்கினு மாப்ள அழைப்புக்கா போறீங்க" என்று கேட்டாள். நான் இறங்கிப் பார்த்தால் சணல் கருகி நாறுகிறது, மரை என்று சொல்ல அங்கே ஒன்றும் மிச்சம் இல்லை. மணி பத்து. அப்போதும் எனக்குப் பயம் வரவில்லை. பிளக்கைத் தேடி எடுத்து, மறுபடியும் சணல் சுற்றி, முறுக்கி, ஸ்டார்ட் பண்ணினேன். நாலு கஜம் போவதற்குள் பிளக் மறுபடி பிய்த்துக்கொண்டுவிட்டது. பெரியதம்பி வேப்பங்குச்சியைச் சீவி ஆப்பு அடித்துப் பார்க்கலாம் என்றான், அடித்தான். அது அவன் காதை உரசிக்கொண்டு போய் வயலில் விழுந்தது. "மொதலாளி, இந்த ஓட்ட நம்மகிட்ட அடங்காது" என்று அவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

இதுவரைக்கும் சொன்னதில் குற்றத்தை வண்டி மேல் போட்டுவிடலாம். இனிமேல் சொல்வதைப் போட முடியாது. பத்தரைக்கு விழுப்புரம் பஸ் வந்தது. பெரியதம்பி ரோட்டின் நடுவில் நின்று அதை நிறுத்தியே விட்டான். "மொதலாளி, ஜல்தியா ஏறிக்கினு போய்டுங்க, வண்டியையும் மூட்டையையும் நான் பாத்துக்கினு கெடக்கறேன், கொலுசுதான் மடியில இருக்குதே, அது போதும்" என்று கெஞ்சினான். கண்டக்டரும், "பெரியவரே, வர்றீங்களா இல்லியா, டைம் ஆவுது" என்று கத்தினான். நான், ஐந்து நிமிஷத்தில் வண்டி கிளம்பிவிடும், நீ போ என்று அனுப்பிவிட்டேன். பஸ் போய்விட்டது. ஏன் அனுப்பினேன் என்று இந்த மூன்று நாளாக யோசிக்கிறேன். என் பெயர் எழுதின வேனில் வந்து இறங்கினால் மருமகள் முன்னால் ஒரு கௌரவம் என்று நினைத்தது ஒன்று. ரோட்டில் சரக்கை விட்டுப் போகிற பழக்கம் எனக்கு இல்லாதது ஒன்று. இரண்டும் நிஜம்தான், ஆனால் இரண்டும் சின்ன நிஜம். பெரிய நிஜம் என்னவென்றால், அந்தக் கால் மணி நேரத்தில் உன்னிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. காய் விலை பேசச் சொன்னால் நாள் முழுக்கப் பேசுவேன். பிள்ளையிடம் நான் செய்தது தப்பு என்று சொல்லவேண்டுமானால் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது? பஸ்ஸின் படிக்கட்டைப் பார்த்ததும் கால் பின்னால் போய்விட்டது. வண்டி கெட்டுப்போனதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. உன்னிடம் இதை மறைத்து எழுதினால் அப்புறம் இந்தக் கடிதத்தால் பிரயோஜனம் இல்லை.

பஸ் மறைந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் கை காட்டியும் வந்த லாரி ஒன்றும் நிற்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக விழுப்புரத்தைப் பார்த்துப் போனேன். இரண்டு மைல் போயிருப்பேன், எதிரே புகை தெரிந்தது. அதுதான் உன் ரயில். விழுப்புரத்தை விட்டு வருகிறது. ரோட்டை விட்டு இறங்கி, கேப்பைக் கொல்லை வழியாகத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் போய் மேல்துண்டை எடுத்து வீசினேன். பாண்டுரங்கா என்று கத்தினேன், அந்தச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. எத்தனை பெட்டி, எத்தனை ஜன்னல். ஒரு ஜன்னலில் ஒரு குழந்தை கையை ஆட்டியது. அது அம்சாதான் என்று நினைத்துக்கொண்டு இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். குழந்தை அப்போது தூங்கிக்கொண்டிருந்தது என்று அத்தை வந்து சொன்னாள். ஆகவே அது வேறு யார் வீட்டுக் குழந்தையோ, நன்றாக இருக்கட்டும். ரயில் போன பிறகு அங்கே ஒரு சத்தமும் இல்லை. எத்தனையோ நஷ்டம் பார்த்தவன் நான், எந்த நஷ்டத்திலும் அந்த மாதிரி நின்றதில்லை.

வேனை மாட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். தேவசகாயம் பார்த்துவிட்டு, "மண்டிக்காரரே, பிளக்குக்கு அரைஞாண் கயிறு கட்டிக்கினு வந்திருக்கறீங்களே, கெணத்துல தண்ணி ஏறுது, இங்க நெருப்பு வெடிக்குது, ரெண்டும் ஒண்ணா" என்று கேட்டான். கேட்கட்டும், கேட்கவேண்டியதுதான். அதோடு விட்டானா, "அந்த ஒரு வயர கழட்டி உட்டுட்டு, ஓட்ட கெடந்தா கெடக்கட்டும்னு மீதி மூணு பிளக்குல மெள்ள மெள்ள ஓட்டிக்கினு போயிருக்கலாமே, ஆறு மைலுதானே, சத்தம்தான் பேஜாரா இருக்கும்" என்றான். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன். வண்டி இப்போது அவனிடம்தான் இருக்கிறது. நாலு நாளோ நாற்பது நாளோ, சரியாகச் செய்து கொடு என்று சொல்லிவிட்டேன். நீயும் அங்கே மிஷினுக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவன், இப்போதைக்குப் போதும் என்று எதையும் கட்டி ஓட்டாதே.

நேற்று அத்தை போன பிறகு ஸ்டேஷனுக்குப் போய் விசாரித்தேன். மதராஸ் போய், அங்கிருந்து நாகபுரி, நாகபுரியில் வேறு ரயில் மாறி வரவேண்டுமாம். நான் மதராசுக்கு அப்பால் போனவன் இல்லை, இந்தி ஒரு வார்த்தை தெரியாது. வயிறு பசித்தால் கையைக் காட்டத் தெரியும். வருகிற 28-ந் தேதி திங்கட்கிழமை புறப்படுகிறேன். மல்லாட்டை வரத்து உச்சத்தில் இருக்கும்போது மொதலாளி மண்டியை விட்டுப் போவதா என்று பெரியதம்பி ஆடிப்போய்விட்டான், சாவியை அவன் கையிலேயே கொடுக்கப் போகிறேன். அங்கே வந்தும் என்ன பேசுவது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் கால் மணி நேரம் என்கிற கணக்கு இல்லை அல்லவா, உட்கார்ந்திருந்தால் ஏதாவது வாயில் வரும்.

மருமகளுக்கும் குழந்தைக்கும் என் ஆசீர்வாதம். குழந்தைக்கு ராத்திரியில் காது மறைத்துத் துணி கட்டச் சொல், அங்கே பனி ஜாஸ்தி என்கிறார்கள். நீ ஷிப்டு முடிந்து வந்ததும் வெறும் வயிற்றில் டீ குடிக்காதே, உன் அம்மா வீட்டு வழியில் எல்லோருக்கும் வயிற்று நோவு உண்டு. ஸ்டேஷனிலிருந்து உன் குவார்ட்டர்சுக்கு எப்படி வருவது என்று மட்டும் மறக்காமல் ஒரு கார்டு போடு, வேறு எதுவும் எழுத மனசு வராவிட்டால் எழுதவேண்டாம். நான் வருகிற அன்றைக்கு நீ ஸ்டேஷனுக்கு வரமுடியாமல் போனால் அதைப்பற்றி வருத்தப்படாதே. பிளாட்பாரத்தில் உன்னைக் காணவில்லை என்றால், பிள்ளைக்கு மனசில்லை என்று நினைக்கமாட்டேன். புறப்பட்டிருப்பான், வழியில் ஏதோ தடங்கல் என்று நினைத்துக்கொண்டு, நீ வருகிற வரைக்கும் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு
உன் அப்பா
வி. மாசிலாமணி