பனிப் படத்தின் பின்பக்கம்

10.8.2003, ஞாயிறு
ஊரில் சண்டையால் மூடிக் கிடந்த ஏ9 பாதை திறந்து ஒன்றரை வருடம். இங்கே, இந்தக் குளிர் நாட்டில், தண்டவாளம் வளைந்துவிடும் என்று ரயிலை மெதுவாக விடுகிறார்கள். இன்று நூறு பாகைக்கு மேல் வெயில்.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல மருமகள் ரமா எழுதுகிறாள். "மெல்லச் சொல்லுங்கோ மாமா, என்ர கை மெஷின் இல்லை." இதையும் எழுது என்றேன்.

மிஸ் டெல்மார் எனக்குப் போன் எடுத்தார். முப்பத்தொரு வருடம் அவர்களுடைய ஓவியக் கடையில் படம் தூக்கினேன். அவருடைய பாட்டனார் பாரிஸில், இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களைப் பார்த்து எல்லோரும் சிரித்த காலத்தில், அவர்களுக்கு வாடகையும் நிலக்கரியும் கொடுத்தவர். அப்படி ஒரு ஓவியர் சும்மா கொடுத்த படம்தான் பனிப் படம் என்பார்கள். பின்னால் அவர் எழுதிய நன்றிக் கடதாசி ஒட்டியிருக்கிறது. மிஸ் படத்தை மியூசியத்துக்குக் கொடுக்கிறார். பாட்டனார் பெயரில் ஒரு அறை வைப்பார்களாம். கடதாசி எப்போதும் அந்தப் படத்தில்தான் இருந்தது என்று நான் வந்து சொல்ல வேண்டும்.

ஓம், சொல்லுறன் என்றேன்.

13.8.2003
கடதாசி அந்தப் படத்தினுடையது இல்லை.

1969 மார்கழி. கப்பலால் இறங்கி, வாசிக்கத் தெரியாது என்பதை மறைத்து வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். பாரிஸிலிருந்து ஒரே அளவில் இரண்டு படம் வந்தது, பனியும் ஆறும். தச்சர் டொம் பழைய முதுகுப் பலகைகளைக் கழற்றி, இரண்டு கடதாசிகளை உரித்து மேசையில் வைத்தார். புதுப் பலகையில் ஒட்டுவது என் வேலை. எது எதற்கு என்று கேட்க வெட்கம். ஒட்டினேன். ஆற்றுப் படம் அன்றே அமெரிக்காவுக்குப் போனது.

மறுநாள் கண்டேன். நன்றிக் கடதாசியின் கிழிந்த மூலை ஆற்றின் பழைய பலகையில் இருந்தது. மிஸ்ஸிடம் காட்டினேன். "அப்பாவுக்குச் சொல்லாதே, ராசா." பலகையை அடுப்பில் வைத்தார்.

ரமா எழுதுவதை நிறுத்தினாள்.
"அப்ப பொய்யே சொல்லப் போறியள்?"
"அந்த மனுசி என்ர வேலையைக் காப்பாத்தினது, பிள்ளை."
"உங்கட வேலையையோ, தன்ர படத்தையோ?"

17.8.2003
வெயில். சாப்பிட்டேன்.

20.8.2003, புதன்
மியூசியத்துக்குப் போகத் தோர்ண்டன் ஹீத்தில் ரயில் ஏறினேன். ஓம் சொல்லத்தான் போனேன். மிஸ் முன்னமே வந்திருந்தார். எண்பத்திரண்டு வயது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மியூசியத்துப் பெண் படத்தைக் கவிழ்த்தாள். என் பசை. என் ஆணிகள்.
"இந்தக் கடதாசியின் மூலை எங்கே போனது?"
"ஆற்றுப் படத்தின் பலகையில்," என்றது என் வாய்.

பிறகு எல்லாம் சொன்னேன். எனக்கு வாசிக்கத் தெரியாது, பிழை என்னுடையது என்றேன். வெட்கமும் வரவில்லை, பயமும் வரவில்லை. வேறு யாரோ சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்த மாதிரி. பலகை எரிந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். யார் எரித்தது என்று சொல்லவில்லை. மிஸ் கையை எடுத்துக்கொண்டார்.

"உங்கள் சொல் மட்டும் போதாது. கடையில் அன்று இருந்தவர்கள் யாராவது?"

யோசிக்கத் தேவையே இல்லை, எல்லோரும் கண்ணுக்குள் நிற்கிறார்கள். மிஸ்ஸின் அப்பா, பெரிய முதலாளி, செத்து இருபது வருடம். டொம் அதற்கும் முன்னம். வான் ஓட்டிய ஐரிஷ்காரர் போன தையில். ஒவ்வொருவராகச் சொன்னேன், அவள் எழுதினாள்.

"வேறு?"

மிஸ் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருப்பது இன்னும் ஒருவர்தான் என்றேன். அந்தப் பெண் பேனாவோடு காத்திருந்தாள். முழுப் பெயராகவே சொன்னேன்: மிஸ் அடெல் டெல்மார்.