பிந்தி நட்ட மூன்று வரிசை

மிதுனம் (ஆனி) 11, வியாழன்

இன்று மாலை வாழைத் தோட்டத்துக்குப் போனேன். கிணற்றோரம் உள்ள மூன்று வரிசையில் மட்டும் இலைப்புள்ளி. மற்ற வாழைகளில் ஒரு பொட்டுகூட இல்லை. அந்த மூன்றும் ஒரு மாதம் பிந்தி நட்டவை. ஆனால் முந்தி நட்டதைவிட ஒரு முழம் உயரமாக நிற்கின்றன. ஓணத்துக்குக் குலை வெட்ட இவ்வளவு அவசரமா?

வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"மழையாக்கும் லில்லி. நீ சும்மா இரி."

"அந்த மூணு வரிசையில மட்டுமா மழை பெஞ்சுது?"

மருந்தடிக்கும் பம்பைக் கழுவப் போய்விட்டார். கல்யாணம் ஆன நாள் முதல் அவர் அதைக் கழுவி நான் கண்டதில்லை.

பிளஸ் டூவுக்கு நான் நடத்துகிற பாடம்தான். வளர்ச்சியைப் பிடித்து நிறுத்தும் சில ஜீன்களே நோய் வந்தால் எதிர்ப்பையும் தூண்டிவிடும். செடியை நீள வைக்கும் ஜிப்ரெல்லின் ஹார்மோன் மிஞ்சினால் அந்தப் பிடி விட்டுப்போகும். செடி மளமளவென்று வளரும், காவல் தளரும். அந்த மூன்று வரிசைக்கும் அதைத்தான் அடித்திருக்கிறார்.

இவரோ பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். இந்த மருந்தின் பெயரை அவருக்கு யார் சொன்னது? உரக்கடைக்காரனா, கொழுந்தனா?

இப்போதுதான் நினைவு வருகிறது. ஈஸ்டர் சமயம் நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, "லில்லி, செடி வேகமா வளருகதுக்கு என்ன ஹார்மோனாக்கும்?" என்று கேட்டார். தலை நிமிராமல் பெயரை மட்டும் சொன்னேன். மீதிப் பாடத்தைச் சொல்லவில்லை.